அடியில் தங்கும் தண்ணீர்

டீசல் வாசனை எனக்கு ஒருநாளும் தலைவலி கொடுத்ததில்லை, ஐயா. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் உங்கள் ஏட்டையா எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் தப்பாக நினைக்கவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அது தோலுக்குள் போய்விட்டது. இனி வெளியே வராது.

நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம். எனக்கு அவசரம் இல்லை.

பெயர் சூசைமாணிக்கம். பிறந்தது திண்டுக்கல் மேட்டுப்பட்டி. வாலிப வயதில் தூத்துக்குடிக்குப் போய் விசைப்படகில் இன்ஜின் வேலை கற்றேன். கடல் ஒத்துக்கொள்ளாமல் ஊருக்குத் திரும்பியபோது நாச்சிமுத்து முதலாளி என்னை அணைக்குக் கூட்டிப்போனார். சித்தையன்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற அணை. அக்கரையில் அவருக்கு எலுமிச்சையும் வாழையும் இருக்கின்றன. தரை வழியாகச் சுற்றிப் போனால் பாதி நாள் போய்விடும். அதனால் ஒரு மரப்படகு வாங்கி, டீசல் இன்ஜின் வைத்து, வேலையாட்களையும் காய்களையும் ஏற்றி இறக்கினார். ஊர்ச்சனமும் ஏறிக்கொள்ளும். அந்தப் படகை நான்தான் ஓட்டினேன். படகுத்துறையை ஒட்டி ஓர் அறை கொடுத்தார். என் மனைவி ஆனந்தமேரியும் நானும் அங்கே குடியிருந்தோம். பிள்ளைகள் இல்லை.

டீசலைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது புரியாது.

பெட்ரோல் பங்கிலிருந்து வருகிற டீசலை அப்படியே டேங்கில் ஊற்றக் கூடாது. அதில் தண்ணீர் இருக்கும், தூசி இருக்கும். பேரலை மேடையில் நிறுத்திவைத்து ஆறவிட வேண்டும். தண்ணீர் கனமானது, அடியில் போய்த் தங்கும். அடிக்குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, மேலாக நிற்கிற டீசலைக் கம்பளித் துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். அதோடு முடியாது. டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்சுவரில் வேர்த்து அந்த நீரும் இறங்கும். நாளானால் அதில் பாசி மாதிரி ஒன்று பிடிக்கும். அதற்காகக் கைப்பம்பு வைத்து டேங்கில் இருக்கிற டீசலையே உறிஞ்சி, ஃபில்டர் வழியாக விட்டு, திரும்ப டேங்குக்குள்ளேயே விடுவேன். சுற்று விடுவது என்று சொல்வோம். ரோட்டில் லாரி நின்றால் டிரைவர் இறங்கிப் பார்ப்பான். தண்ணீரில் இன்ஜின் நின்றால் இறங்க இடம் இல்லை. அதனால்தான் இத்தனை பக்குவம்.

வடித்த தண்ணீரை நான் அணையில் கொட்டுவதில்லை. ஜனங்கள் குடிக்கிற தண்ணீர். அறைக்குப் பின்னால் ஒரு தகர டின்னில் ஊற்றி மூடி வைப்பேன். நிறைந்தால் தூரத்தில் குழி வெட்டிக் கொட்டுவேன். என்னைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேரிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இடது கை, இடது கால், வாயில் பாதி. ஜன்னலோரம் கட்டில் போட்டு, தண்ணீர் தெரிகிற மாதிரிப் படுக்கவைத்தேன். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது எல்லாம் நான்தான். சித்தையன்கோட்டை ஜெய்தூன் பீவி வாழை இலையும் எலுமிச்சையும் வாங்க அக்கரைக்குப் போவாள். போகிற வழியில் எங்களுக்கு ஏதாவது வெஞ்சனம் கொண்டுவந்து வைத்துவிட்டு மேரிக்குத் தலைசீவி விடுவாள். நாங்கள் கேட்டதில்லை. அவளாகச் செய்தாள்.

பிறகு என் கண்ணில் புகை படர ஆரம்பித்தது. முதலில் அக்கரை மங்கியது. பிறகு படகின் முனை. மதுரையில் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று ஜெய்தூன் சொன்னாள். கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்தால் படகை வேறு ஒருவன் தொடுவான். அதனால் போகவில்லை. படகை ஓட்டக் கண் எதற்கு, இன்ஜின் சத்தமும் காற்றும் போதும் என்று இருந்துவிட்டேன்.

டீசலைப் பார்ப்பதற்குத்தான் கண் வேண்டியிருந்தது. வடிகட்டியதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கலங்கியிருக்கிறதா, அடியில் குமிழ் மாதிரித் தண்ணீர் நிற்கிறதா என்று தெரியும். எனக்கு எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரிந்தது. ஆகவே மேரியிடம் கொண்டுபோவேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "தெளிஞ்சிருக்கா மேரி?" என்று கேட்பேன். செத்த நேரம் பார்ப்பாள். "தெளிஞ்சிருக்கு" என்பாள். இல்லையென்றால் தலையை ஆட்டுவாள், நான் மறுபடி வடிப்பேன். படுக்கையில் விழுந்த பிறகு அவள் செய்த ஒரே வேலை அது. காலையில் அதற்காகவே விழித்துக் காத்திருப்பாள். அந்த நாட்கள் நன்றாக இருந்தன, ஐயா.

துறைக் கல்லில் படகை இரண்டு தடவை மோதினேன். ஒருமுறை தண்ணீருக்குள் இருந்த பனைத்தூரில் ஏற்றி எலுமிச்சை மூட்டைகளைக் கவிழ்த்தேன். அதற்கப்புறம் முதலாளி ஒருநாள் துறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மாணிக்கம், கோவிச்சுக்கிடாதீக. உங்களுக்குக் கண்ணு தெரியலையாம்ல?"

"நல்லாத் தெரியுது மொதலாளி."

"அப்ப அக்கரையில நிக்கிறது யாரு, சொல்லுங்க பாப்போம்."

கருப்பாக ஏதோ நின்றது. "நம்ம காவக்காரரு அழகர்சாமி" என்றேன்.

அவர் என் தோளில் கையை வைத்து, "அங்கன ஆளே இல்லை மாணிக்கம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. தை பிறந்ததும் அறையை ஒழித்துக் கொடுக்கச் சொன்னார், சித்தையன்கோட்டையில் ஒரு வீடு பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். நல்ல வீடுதான். ஆனால் ஜன்னல் சந்துப் பக்கம் திறந்தது, எதிரே சுவர். மேரி எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்? நான் காலையில் எழுந்து எந்தப் பாட்டிலை அவளிடம் நீட்டுவேன்? அன்று வரப்பில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். முதலாளி வீட்டுக்குப் போய் அவர் காலைத் தொட்டும் கேட்டேன். அவர் பதறி விலகிக்கொண்டார்.

புதிதாக வந்தவன் சிவபிரகாஷ். சாணார்பட்டிக்காரன். பம்புசெட் இன்ஜின் பார்க்கிறவன். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் இருக்கும். அவன் மனைவி பொன்னழகு அப்போது மாசமாக இருந்தாள். நாங்கள் காலி செய்தால் அந்த அறைக்கு வரவேண்டியவர்கள், அதுவரை சித்தையன்கோட்டையில் வாடகைக்கு இருந்தார்கள்.

அவனிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, படக நீ ஓட்டு. டீசலை மட்டும் நான் பாத்துக்கிடுறேன். சம்பளம் வேணாம்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்குண்ணே உங்களுக்கு இம்புட்டுச் சிரமம்? அதையும் நானே செஞ்சுக்கிடுறேன். நீங்க அக்காவப் பாருங்க" என்றான்.

அன்போடுதான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை.

அவன் கவனமில்லாதவன், டீசலைச் சரியாக வடிப்பதில்லை என்று அதற்குப் பிறகு நான் சிலரிடம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். படகில் ஏற வருகிறவர்களிடம் சொன்னேன். "பாத்து ஏறுங்க, இப்பெல்லாம் சுத்தம் இல்லை" என்று பொதுவாகச் சொல்வேன். சனங்கள் என்னை நம்பினார்கள். இத்தனை வருஷம் ஒருநாளும் நடுத்தண்ணீரில் நிற்காமல் கூட்டிப்போனவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். ஆனால் ஏறிப் போனார்கள். படகும் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

ஒரே ஒரு தடவை இன்ஜின் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. நடுத்தண்ணீரில் நிற்கும், சனங்கள் கொஞ்சம் பயப்படுவார்கள், நான் துறையில் கிடக்கிற பரிசலில் போய்த் தண்ணீரை வடித்து, பைப்பில் காற்றை எடுத்து, ஸ்டார்ட் பண்ணிக் கொடுப்பேன். கண் இல்லாவிட்டாலும் என் கைக்கு அந்த இன்ஜின் தெரியும். அப்புறம் முதலாளியே வந்து இருங்கள் என்று சொல்வார். நீங்களே யோசித்துப் பாருங்கள், இதில் பொருத்தமில்லாதது ஒன்றும் இல்லை.

டேங்கின் அடியில் தண்ணீர் இருந்தாலும் கரையில் இன்ஜின் ஒழுங்காகக் கிளம்பும். பைப் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கிறது. படகு ஆடினால்தான் தண்ணீர் எழும்பிப் பைப்புக்குள் போகும். ஆகவே கரையில் நிற்காது. நடுவில்தான் நிற்கும்.

புரட்டாசி முழுக்க அணை கண்ணாடி மாதிரி கிடந்தது. அப்போதே செய்திருக்கலாம். டின்னைத் தூக்கி இரண்டு தடவை துறை வரைக்கும் போனேன். ஆனால் அசையாத தண்ணீரில் இன்ஜின் நின்றால் சிரிப்பார்கள், துடுப்புப் போட்டு வந்துவிடுவார்கள். பயம் வந்தால்தான் சனங்களுக்கு ஒரு விஷயம் மனதில் ஏறும். அதனால் வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. திண்டுக்கல் தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மலையிலிருந்து செந்தண்ணீர் இறங்கி அணை நிறைந்தது, தெற்குக் கோடியில், மிகுந்த தண்ணீர் வழிகிற கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்தது. கலிங்குக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு ஆள் உயரப் பள்ளம், முழுக்கப் பாறை. மறுகால் பாயும்போது நடுத்தண்ணீர் எல்லாவற்றையும் தெற்கே இழுக்கும். இன்ஜின் ஓடினால் ஒன்றும் இல்லை, மேல்பக்கமாக ஒதுக்கி ஓட்டிப் போய்விடலாம். மழை நின்ற மறுநாள் வெயில் அடித்தது. சிவபிரகாஷ் அன்றைக்குப் படகை எடுப்பதாகச் சொன்னான்.

மழையை நான் வரவழைக்கவில்லை.

காலையில் அவன் டேங்கில் டீசல் ஊற்றிவிட்டு ஆட்களைக் கூப்பிடக் கரைமேல் ஏறிப் போனான். நான் பின்பக்கம் போய்த் தகர டின்னை எடுத்து வந்து டேங்க் மூடியைத் திறந்து ஊற்றினேன். ஒன்று சொல்ல வேண்டும். அது வெளித்தண்ணீர் இல்லை. அந்தப் படகுக்காக வந்த டீசலிலிருந்து நான் வடித்த தண்ணீர்தான். என்னுடையது என்று ஒரு சொட்டும் நான் சேர்க்கவில்லை.

டின்னை வைத்துவிட்டு வந்தபோது ஜெய்தூன் பீவி அறைக்குள் மேரிக்குத் தலைசீவிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் கத்தரிக்காய் புளிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். "மாணிக்கண்ணே, நாலு நாளா மழை, அக்கா தல சிக்குப் பிடிச்சுக் கெடக்கு. பின்னி விட்டிருக்கேன். சாயங்காலம் வாரப்ப பூ வாங்கியாறேன்" என்றாள்.

"அக்கரைக்கா போற?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. எலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

"சரி" என்றேன்.

இன்றைக்குப் போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

படகில் ஐந்து பேர். சிவபிரகாஷ், ஜெய்தூன், எலுமிச்சை பறிக்கப் போகிற கனகாவும் அவள் நாத்தனார் மாலதியும், காவல்கார அழகர்சாமி. நான்தான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். எப்போதும் அவிழ்த்துவிடுவேன், அன்றைக்கு மட்டும் விடாமல் இருந்தால் வித்தியாசமாக இருக்கும்.

எனக்குப் படகு தெரியவில்லை. சத்தம்தான். நல்ல சீராகப் போனது. பிறகு ஒரு அடி தவறியது. இன்னொரு அடி. வெள்ளைப் புகை வந்திருக்கும், அது எனக்குத் தெரியாது. ரெண்டு தரம் இருமி நின்றுவிட்டது. அதற்கப்புறம் கலிங்குச் சத்தம் மட்டும் கேட்டது.

சிவபிரகாஷ் நங்கூரம் போட்டான் என்று பிறகு அழகர்சாமி சொன்னார். அடி முழுக்கப் பாறை, பிடிக்கவில்லை. பெண்கள் ஆளுக்கொரு துடுப்புப் போட்டார்களாம். சிவபிரகாஷுக்கு நன்றாக நீந்தத் தெரியும். "தம்பி, குதிச்சிருலே" என்று அழகர்சாமி கத்தியிருக்கிறார். அவன் குதிக்கவில்லை. பைப்பைக் கழற்றிக் கையால் பம்பு அடித்துத் தண்ணீரை வெளியே எடுத்துக்கொண்டே இருந்தானாம். "இந்தா வந்திரும், இந்தா வந்திரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அவன் செய்தது சரியான முறைதான். நேரம்தான் போதவில்லை.

பரிசல் என் காலடியில் கிடந்தது. அதை நான் எடுக்கவில்லை. அந்த இழுப்பில், கண் தெரியாதவன் பரிசல் எடுத்துப் போவது முறையாகாது.

அந்த நேரத்தில் தண்ணீருக்கு மேலே ஜெய்தூன் குரல் வந்தது. "மாணிக்கண்ணே" என்று கூப்பிட்டாள். பிறகு மற்றவர்களும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சிவபிரகாஷும் கூப்பிட்டான். முதலாளி என்னை வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து என்னை யாரும் அப்படித் தேடியதில்லை. கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயா. இதை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கூப்பிடுவது நின்றுவிட்டது.

கலிங்குக்கு முன்னால் தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த அழகர்சாமியை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். மற்ற நான்கு பேரையும் பாறைகளுக்கு இடையிலிருந்து எடுத்தார்கள். துறையில் கிடத்தியபோது ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தேன்.

டீசலில் தண்ணீர் என்று அழகர்சாமி சொன்னதுமே தெரிந்துவிட்டது. யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. "மாணிக்கம் அப்பவே சொன்னாருல்ல, அவன் சுத்தம் பண்றதில்லைன்னு" என்று சனங்களே சொன்னார்கள். கனகாவின் புருஷன் சிவபிரகாஷ் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினான். பிணத்தைச் சாணார்பட்டிக்குக் கொண்டுபோன வண்டியோடு எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை.

முதலாளி வேறு படகு வாங்கினார். "நீங்க இருந்தவரைக்கும் இப்படி ஒண்ணு நடந்துச்சா மாணிக்கம்? ஓட்ட வேற ஆள் வச்சிக்கிடுறேன். டீசலை உங்களைத் தவிர யாரும் தொடப்படாது. ரூம்லயே இருங்க" என்றார். நான் கேட்டது அதுதான்.

மறுநாள் காலை டீசலை வடித்து, பாட்டிலில் பிடித்து மேரியிடம் கொண்டுபோனேன். "தெளிஞ்சிருக்கா மேரி?" என்று கேட்டேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நோவு அதிகமாயிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் திருப்பிக்கொண்டாள். ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை, வேறு யாராவது ஊட்டினால் சாப்பிடுகிறாள். ஜெய்தூன் பின்னிவிட்ட சடையை அவிழ்க்க விடவில்லை. தொட்டால் நல்ல கையால் என் கையைத் தள்ளுகிறாள். ஜெய்தூன் போன துக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் நான் வடிக்கிற டீசல் எப்படி இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. இப்படியே படகு தினமும் போய்வருகிறது. ஒவ்வொரு தடவையும் துறையில் நின்று காதைக் கொடுத்துக் கேட்கிறேன். தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை.

போன வாரம் பொன்னழகு வந்தாள். கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். ஆம்பிளைப் பிள்ளையாம். அறைக்குள் வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள்.

"அப்பு, நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். மூணு உசுரக் கொன்னவன் பொண்டாட்டின்னு சொல்றாக. தண்ணிக்குழாயில கூட எனக்கு எடம் விடுறதில்லை. அவுக அப்படி அசட்டையா இருக்குற ஆளே இல்லை. ராவும் பகலும் டீசல் டீசல்னுதான் பேசுவாக. நீங்க தொழில் தெரிஞ்சவுக. அவுகதான் தண்ணிய வடிக்காம விட்டுட்டாகளா?"

"அவசரத்துல விட்டிருப்பான் தாயி" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அவள் அழவில்லை. பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டு, "சரி அப்பு" என்று திரும்பினாள். அப்போது கட்டிலிலிருந்து மேரி ஒரு சத்தம் போட்டாள். வார்த்தை இல்லை. சத்தம். பொன்னழகு நின்றாள். மேரி நல்ல கையை நீட்டி அந்தப் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னாள். பிள்ளையை மார்பில் வைத்து, அதன் தலையில் கன்னத்தை வைத்து, வெகுநேரம் அழுதாள். அவள் பேச முயற்சி செய்வதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். வாய் கோணியதால் பொன்னழகுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

பங்குச்சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாம். ஆனால் அவர் அதை வெளியே சொல்லக் கூடாது. பொன்னழகு தண்ணீர்க்குழாயில் நிற்க அது உதவாது. அதனால் உங்களிடம் வந்தேன். அவளுக்காகத்தான் வந்தேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். மேரி என்றைக்காவது ஒருநாள் விளங்குகிற மாதிரிச் சொல்லிவிடுவாள் என்ற பயமும் இருந்திருக்கலாம். எதுவானாலும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். டேங்கில் தண்ணீரை ஊற்றியவன் நான். கயிற்றை அவிழ்த்துவிட்டவனும் நான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? விரலைப் பிடித்து இடத்தைக் காட்டிவிடுங்கள், எனக்குத் தெரியாது.

ஒன்று விட்டுப்போயிற்று. மேரிக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை.

அன்று காலை ஊற்றுவதற்கு முன்னால், ஜெய்தூன் வருவதற்கும் முன்னால், டேங்கின் அடிக்குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்தேன். இவன் வைத்திருக்கிற லட்சணத்துக்கு நான் ஊற்ற வேண்டிய அவசியமே இருக்காது, அதிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கும் என்று நினைத்தேன். மேரியிடம் கொண்டுபோய், அவன் டேங்க் டீசல் என்று சொல்லி ஜன்னலில் பிடித்தேன். அவள் சந்தோஷத்தோடு பார்த்தாள். வெகுநாள் கழித்து நான் பாட்டிலோடு வந்திருக்கிறேன் அல்லவா. உற்றுப் பார்த்துவிட்டு, பாதி வாயால் சிரித்து, "நல்லாத் தெளிஞ்சிருக்கு. உங்க கைய விடச் சுத்தம்" என்றாள்.

அவன் கவனமில்லாதவனாக இருந்திருந்தால் நான் டின்னைத் தொட்டிருக்கவே மாட்டேன், ஐயா.